முதுமைக்கு ஓய்வு மட்டும் போதுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



முதியோர்க்குத் திருச்சபைகள் ஆற்றும் துணையைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். தமிழ்ச் சங்க மேடையில் இப்பொருள் எதற்கு எனச் சிலர் எண்ணலாம். சமயம் பேசுவது நம் நோக்கமன்று. நம் இல்லங்களில் எழுந்துள்ள ஒரு கேள்விக்கு அங்கே விடையொன்று கிடைக்கின்றது. அதனையே காண முற்படுகின்றோம்.

1958-இல் சத்துணவு ஆராய்ச்சி நிலையம் குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்கு மாறி வந்தது. 1966 அக்டோபர் 2-இல் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய ரயில்வே தோன்றியது. இத்தகைய நிறுவனங்களை நாடி இப்பகுதிக்கு வந்தோர் நம்மவருள் உளர். அவர்கள் இங்கேயே ஓய்வு பெற்றனர். தெலுங்கும் உருதுவும் அவர்களுக்குப் பழக்கம். ஆனால் அறுபதைக் கடந்தபின், ஊரையும் உறவையும் விட்டு மக்கள் பின்னே தார்நாகாவுக்கு வந்த முதியோரின் நிலை வேறு. உணவுக்குக் குறைவில்லை, மருந்துக்குக் குறைவில்லை. பேசுவதற்கு ஆளில்லை, செய்வதற்கு வேலையில்லை. திண்ணையில் அமர்ந்து ஊர் வழக்கைத் தீர்த்தவர், இங்கே மாடி வீட்டின் சன்னலருகே பொழுதைக் கழிக்கின்றார்.

பெற்றோரைப் பேணாத மக்களிடம் பொருளுதவி பெற்றுத்தர 2007-இல் சட்டம் இயற்றப்பட்டது. நன்று. எனினும், ‘நீங்கள் எமக்கு வேண்டும்’ என்னும் சொல்லை எந்தச் சட்டம் பெற்றுத்தரும்?

திருச்சபைகளின் முதியோர் தொண்டு என்றவுடன் முதியோர் இல்லமே நம் நினைவுக்கு வரும். 1839-இல் பிரான்சு நாட்டில் ழான் ழுகான் என்னும் அம்மையார், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரை அழைத்துவந்து தம் படுக்கையையே அளித்தார். அதிலிருந்து வளர்ந்த ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபையின் இல்லம் நம் செகந்திராபாத்திலும் உண்டு. தளர்ந்தோரைத் தாங்கும் அத்தொண்டு போற்றத்தக்கது.

ஆனால், தளராத முதியோர்க்குச் செய்யவேண்டுவது யாது? உலகச் சுகாதார நிறுவனம் 2002-இல் வெளியிட்ட கொள்கையுரை, உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றோடு பங்கேற்பையும் முதுமையின் தூணாக வைத்தது. இப்பங்கேற்பைத் திருச்சபைகள் நெடுங்காலமாக எளிய முறையில் நடத்திவருகின்றன. 1833-இல் பாரிசில் தோன்றிய வின்சென்ட் தே பவுல் சபையினர் வறியோரின் இல்லம் தேடிச் செல்வர். ஓய்வு பெற்றோர்க்கு ஏற்ற பணி அது. பாடற்குழுவில் நரைத்த தலைக்கும் இடமுண்டு. ஞாயிறு பள்ளியில் பாட்டியார் கதை சொல்லலாம். அசன விருந்தில் அளவறிந்து அரிசி போடச் சொல்வதற்குப் பழகிய கை வேண்டும். செகந்திராபாத்தில் தமிழில் ஆராதனை நடைபெறும் ஆலயங்களில், ஊர்விட்டு வந்த முதியவர் தம் மொழியைக் கேட்கவும் பேசவும் வாய்ப்புப் பெறுகின்றார். வாராவாரம் வருபவர் ஒரு வாரம் வராவிடின், ‘ஏன் வரவில்லை?’ எனத் தேடிச் செல்வோரும் இருப்பர். அத்தேடலே பெரிய மருந்து.

குறையும் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கொருமுறை பொன்னாடை போர்த்திவிட்டு மறந்துவிடுவதும் உண்டு. பதவியை விடாத முதியோரால் இளைஞர் ஒதுங்குவதும் உண்டு. மதிப்பு ஆடையில் இல்லை; ஒப்படைக்கும் பணியில் உள்ளது.

ஆலயம் செல்வோர்க்கு ஆலயம் உண்டு. ஏனைய முதியோர்க்கு இச்சங்கமன்றோ துணை நிற்றல் வேண்டும்? நம் பேரக் குழந்தைகள் பலர் தமிழைப் பேசுவர், எழுத்தறியார். கற்பிக்க வல்ல தாத்தாவோ அடுத்த அறையில் வாளா இருக்கின்றார். இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்க்க, வாரம் ஒருநாள் முதியோரே நடத்தும் தமிழ் வகுப்பைத் தொடங்குவோம். வராதவரின் இல்லம் சென்று நலம் விசாரிப்போம். காலந்தாழ்த்தின், முதியோர் மட்டுமல்லர், அவர் நாவிலுள்ள தமிழும் நம்மை விட்டு நீங்கும்.

வாழ்க முதியோர்! வளர்க தமிழ்!