மனத்துக்கும் அடிபடும்



தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. உடம்பைக் காப்பாற்ற அந்த 48 மணி நேரம் பெரிது. மனத்தில் பட்ட அடியோ, பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டுகிறது.

எப்படிக் கண்டுகொள்வது? கார் விபத்தில் தப்பிய ஒருவர் இப்போது டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறார். எதிரே லாரி வந்ததும், அவரது வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்துகிறது. விபத்து நடந்த வளைவு வரும் என்றால், சுற்றுவழியில் போகச் சொல்கிறார். ராத்திரி தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டால் வேர்த்து விறுவிறுத்து எழுந்துகொள்கிறார். ஒன்றுமில்லாததற்கெல்லாம் வீட்டில் எரிந்து விழுகிறார். குழந்தை என்றால், பொம்மைக் கார்களை மோதவிட்டு அதே விளையாட்டையே திரும்பத் திரும்ப விளையாடலாம். விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் மறுபடி வரலாம்.

முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்பு. பெரும்பாலோருக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் விடாமல், தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பி.டி.எஸ்.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோயை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் தன் பட்டியலில் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பட்ட பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். துப்பாக்கி பிடித்தவர்களையே ஆட்டிவைத்த நோய் இது. ஆகவே இதைக் கோழைத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்றே, இன்னும் என்ன பயம்?" என்று கேட்காதீர்கள். நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். மந்திரித்துக் கயிறு கட்டினால் தெம்பு வருகிறதா, கட்டுங்கள். அதற்காக மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். தூக்கம் வரவில்லை என்று குடியை நாடினால் நோய் முற்றும்.

வண்டிப் பயம் படிப்படியாகத்தான் விலகும். முதலில், நிறுத்திவைத்த காரில் நம்பிக்கையான ஒருவரோடு சிறிது நேரம் உட்காருங்கள். அது பழகிய பின் வீட்டுத் தெருவில் ஒரு சுற்று. அதன் பிறகு மெயின் ரோடு. மூச்சு முட்டினால் வண்டியை ஓரங்கட்டி, பாதம் இரண்டையும் நன்றாக ஊன்றி, நிதானமாக மூச்சை விடுங்கள். தனியாக முடியாதபோது, இதையே மனநல ஆலோசகர் முறையாகச் செய்யவைப்பார். இதற்கென்றே பேச்சுவழிச் சிகிச்சைகள் இருக்கின்றன; நல்ல பலனும் தருகின்றன.

அடிபட்டவரைப் பார்க்கப் போனால், கட்டுப் பிரித்தாயிற்றா என்பதோடு, ராத்திரி தூங்குகிறீர்களா என்றும் கேளுங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் அவர் மனத்தில் எட்டிப் பார்த்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவும் பகலும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.