உறைதலும் நெகிழ்தலும்: படலத்தை அகச்சிவப்பில் அறிதல்

கியா பார்மில் விடியற்பொழுதில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு துளியும் இறங்காது. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைவது அவ்வெண்ணெய். இங்குள்ள விடியற்குளிரோ 15 பாகையை ஒட்டியது. அதே குளிரில், பக்கத்துச் சுங்கை பாலாஸ் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்தின் உயிரணுக்களைச் சூழ்ந்த கொழுமியப் படலம் உறைந்துவிடுவதில்லை. ஏன்?

இரண்டிலும் இருப்பவை நீண்ட கொழுப்பமில வால்கள். நேராக நின்று நெருங்கி அடுங்கினால் அவை விறைக்கும். இலைப்படலத்து வால்கள் பலவற்றில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன; அவ்விடங்களில் வால் வளைவதால் நெருக்கம் குலைந்து, படலம் நெகிழ்ந்தே இருக்கிறது. நாம் கரும்பலகையில் வரையும் படத்திலோ இரண்டு வரிசைத் தலைகளும் வால்களும் செங்கல் அடுக்கியதுபோல் அசையாமல் நிற்கின்றன. மாணவர் தேர்வில் எழுதுவதும் அச்சுவரையே.

அசைவை எவ்வாறு அறிவது? மூலக்கூற்றின் பிணைப்புகள் பலவும் தமக்குரிய வீதத்தில் அதிர்ந்து, அதற்கிசைந்த அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும். வாலிலுள்ள மெத்திலீன் தொகுதிகள் சென்டிமீட்டருக்கு 2850 என்னும் அலையெண்ணருகே உறிஞ்சுகின்றன. படலம் விறைத்திருக்கையில் 2850. நெகிழ்ந்தபின் 2852 அல்லது 2853. இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். ஆம், இவ்வளவுதான்! வெப்பத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி இவ்வெண்ணைக் குறித்துக்கொண்டே போனால், ஓரிடத்தில் கோடு சட்டென ஏறும். அதுவே படலம் நெகிழும் வெப்பநிலை. ஆய்வகங்களில் பெரிதும் பயிலும் டைபால்மிட்டாயில் பாஸ்பாட்டிடைல்கோலின் என்னும் கொழுமியத்துக்கு அது 41 பாகை.

தேநீருக்கும் இப்படலத்துக்கும் உறவுண்டு. கொழுந்தில் கேட்டச்சின்கள் ஓர் அறையிலும், அவற்றை மாற்றும் நொதி வேறோர் அறையிலும் உள்ளன. இடையே நிற்பது படலம். ஆலையில் வாட்டி உருட்டும்போது அது சிதைகிறது. இரண்டும் கலந்து, காற்றுப் பட்டு, இலை செம்பழுப்பாகிறது.

ஆயினும் கருவி தருவது எல்லா வால்களின் சராசரியையே. இலைப்படலத்திலோ பலவகைக் கொழுமியங்கள் கலந்துள்ளன. இதற்கு ஆய்வகத்தில் ஓர் உத்தி உண்டு. இருவகைக் கொழுமியங்களால் படலம் அமைத்து, ஒன்றின் வால்களில் ஐதரசனுக்கு மாற்றாக அதன் கனமான ஓரிடத்தானான டியூட்டீரியத்தை ஏற்றுவர். அவ்வகையின் உறிஞ்சல் 2090 அருகே நகர்ந்துவிடும். அதன்பின் ஒரே படலத்தில், எவ்வகை முதலில் நெகிழ்கிறது என்பதைத் தனித்தனியே காணலாம்.