யாரூட்டுப் பையனுங்க?



குடும்பத்துக்குக் கைகொடுப்பது ஊரார் சொல்லும் நல்ல பெயரா, வங்கி பார்க்கும் மதிப்பெண்ணா? இதுதானே தலைப்பு! எதிரணி நண்பர் சொன்னார், "கொங்கு நாட்டிலே வாக்குத்தான் பத்திரம். இந்த சிபில் மார்க்கு வந்து எங்க மானத்தை வாங்குது" என்று. கைதட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு) ஆனா, அந்த மார்க்கு எதுக்குப் போடுறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா கோவப்படுறோம்?

பொள்ளாச்சிப் பக்கம் என் மச்சான் ஒருத்தர். பன்னிரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. பேங்குக் கடனே வாங்கினதில்லை. 58 வயசிலே வீடு கட்ட முதன்முதலாகக் கடன் கேட்டுப் போனார். திரும்பி வந்து என் வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்தவர் தண்ணிகூடக் குடிக்கவில்லை. "ஏனுங்க மாப்ளே, பத்துப் பைசா பாக்கி வைக்காதவன் நானு. எனக்கு மைனஸ் ஒண்ணுங்கறாங்க. அப்ப நான் அயோக்கியனுங்களா?"

நான் சொன்னேன், "மச்சான், பரீட்சை எழுதித் தோத்தவன் ஃபெயில். பரீட்சைக்கே வராதவன் ஆப்சென்ட். நீங்க ஆப்சென்ட்!" (சிரிப்பு, கைதட்டல்)

அவ்வளவுதாங்க. பழைய கணக்கு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் கடன் கேட்பவரைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே 2025-ல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

சிபில் 2000-ல் தொடங்கிய ஒரு கம்பெனி. அது மாதிரி இன்னும் மூணு இருக்கு. 300 முதல் 900 வரை மார்க்கு. வாங்கின கடனைத் தேதி தவறாமல் கட்டினீர்களா, கார்டிலே எவ்வளவு இழுத்தீர்கள், அண்மையில் எத்தனை இடத்தில் கடன் கேட்டீர்கள், இதைத்தான் பார்க்கும். சம்பளம், நகை, தோட்டம் எதுவும் இந்த மார்க்கிலே கிடையாது. கடன் கொடுக்கும்போது வங்கி வருமானத்தையும் பார்க்கும். அது வேற கணக்கு.

என் வீட்டுக்காரம்மா சொல்லுவாங்க, "அடிக்கடி பாக்காதீங்க, மார்க்கு குறைஞ்சிரும்." கண்ணாடி பார்த்தா மூஞ்சி தேயுமா? (சிரிப்பு) நம்ம மார்க்கை நாம பார்த்தா குறையாது. வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை ஒவ்வொரு கம்பெனியும் இலவசமாத் தரணும்.

பார்க்கணும் சாமி! கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டிலே "பழனிச்சாமி"ன்னு கூப்பிட்டா ஒரு பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். (பலத்த சிரிப்பு) ஒருத்தர் கடன் இன்னொருத்தர் கணக்கிலே ஏறினாலும் ஏறும். புகார் கொடுத்தா 30 நாளிலே தீர்த்து வைக்கணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

நான் தோற்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். கூட வேலை பார்த்த ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். கல்யாணப் பத்திரிகையிலே பேர் போடுற மாதிரி நினைத்துப் போட்டேன். அவர் தவணையை நிறுத்திவிட்டார். மகள் படிப்புக்கு நான் கடன் கேட்டுப் போனபோது, அவர் பாக்கி என் கணக்கிலே நிற்கிறது! ஜாமீன் போட்டவனுக்கும் அது கடன்தான் என்று முனைவர் பட்டம் வாங்கினவனுக்குத் தெரியவில்லை. மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் வலித்தது. ஒரு வருஷம் வீணாகப் போச்சு அவளுக்கு.

இவ்வளவு பட்ட பிறகும் ஏன் மதிப்பெண் அணியிலே நிற்கிறேன்?

எங்க தெருவிலே துணி தைக்கிற அம்மிணி ஒருத்தர். திருப்பூரிலே பனியன் கம்பெனியிலே இருந்தவர். புருஷன் இல்லை. மிஷின் வாங்க முப்பதாயிரம் கடன் எடுத்து, ஒரு தவணை பிசகாமல் கட்டி முடித்தார். இன்றைக்கு அவர் மார்க்கு 780. என் மச்சானுக்கு மைனஸ் ஒண்ணு!

நடுவர் அவர்களே, நம்ம ஊரிலே முதல் கேள்வி என்ன? "எந்தூருங்க? யாரூட்டுப் பையனுங்க?" அந்த நல்ல பெயர் எனக்குப் பிறக்கும்போதே கிடைத்தது. அந்த அம்மிணிக்கு யார் கொடுத்தார்கள்? (கைதட்டல்) போன மாசம் இரண்டாவது மிஷினுக்குக் கடன் கேட்டுப் போனார். ஜாமீன் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிடுவார் என்று சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு தயாராக இருந்தேன். "வேண்டாமுங்க ஐயா, பேங்கிலே கேக்கலைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.