ஓடும் புரோகிராமில் ஒளிந்திருக்கும் பிழை



பி.எல்.சி.யின் வேலை உங்களில் பலர் அறிந்ததுதான். இன்புட்டைப் படிக்கும், புரோகிராமை மேலிருந்து கீழாக ஓட்டும், அவுட்புட்டை எழுதும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 1993-இல் ஐ.இ.சி. தரப்படுத்திய மொழிகளில் ஒன்றான லேடரிலும் இதே கதைதான். ஒரே மோட்டாரின் காயிலை இரண்டு ரங்கில் எழுதினால், கடைசி ரங் சொல்வதே செல்லும்.

மேல் ரங்கில், கதவு திறந்தால் மோட்டார் நிற்கும்படி இன்டர்லாக் போட்டிருப்பார்கள். பிறகு யாரோ ஒருவர் அவசரத்தில் ஆட்டோ, மேனுவல் இரண்டுக்குமாகக் கீழே இன்னொரு ரங் சேர்ப்பார், இன்டர்லாக்கை விட்டுவிடுவார். கதவு மூடியிருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். திறந்த அன்றைக்கு உள்ளே கை வைத்திருப்பவர் யார் வீட்டுப் பிள்ளையோ!

"அதான் ஓடுதே சார், அப்புறம் என்ன?" என்பார்கள். கேட்காதீர்கள். கிராஸ் ரெஃபரன்ஸ் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு அவுட்புட்டும் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நிபந்தனைகளை எல்லாம் ஒரே ரங்கில் கொண்டு வாருங்கள். கதவுக்குத் தனி சேஃப்டி ரிலேயும் இருக்கட்டும்.

அரை மணி நேர வேலைதான். காப்பாற்றுவது ஒரு கையை.