வானர சேனையும் ஒட்டுப்படமும்



"எனக்கு வரைய வராது, சார்" என்று சொல்லும் பிள்ளைகளை வகுப்பில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். சில வீடுகளில் வண்ணப் பெட்டி வாங்க வசதி இருக்காது. சில பிள்ளைகளுக்குத் தாளில் கோடு போடவே கை கூசும். இவர்களுக்கு ஏற்ற கலை ஒட்டுப்படம். தாள், துணி, காய்ந்த இலை முதலியவற்றை வெட்டி ஒட்டி ஆக்கும் படம் இது. ஐரோப்பாவில் 1912ஆம் ஆண்டில் பிக்காசோ, பிராக் ஆகிய ஓவியர்கள் இம்முறையைக் கையாண்டு பெயர்பெறச் செய்தனர்.

எதைப் படமாக்குவது? பாட்டி சொன்ன இராமாயணமே போதும். நளன் முன்நிற்க, வானரங்கள் கடலில் அணை கட்டிய காட்சியை எடுத்துக்கொள்வோம்.

பழைய நாளிதழ்த் தாளை விசிறிபோல் நான்கு மடிப்பாக மடியுங்கள். மேல் மடிப்பில் கல்லைத் தூக்கி நிற்கும் குரங்கொன்றை வரைந்து, கோட்டின்மேல் வெட்டுங்கள். ஒரே வெட்டில் நான்கு குரங்குகள்! மூன்று முறை வெட்டினால் பன்னிரண்டு. வாய்ப்பாடும் கூடவே மனத்தில் பதியும். கிழித்த தாள்துண்டுகள் கற்களாகட்டும். பிஸ்கட் பெட்டியின் நீல அட்டை கடலாகட்டும். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை தயார். நாட்காட்டியிலுள்ள சாமி படத்தை வெட்டப் பெரியவர்களுக்கு மனம் வராது. அதை விட்டுவிட்டுத் தேதித் தாள்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே உருவம் திரும்பத் திரும்ப வந்தால் சலிக்காதா? வாசலில் கட்டும் தோரணத்தைப் பாருங்கள். ஒரு மாவிலை வெறும் இலைதான். வரிசையாகக் கட்டினால்தான் தோரணம். அதுபோல, ஒன்றாய் நின்றால் குரங்கு; பன்னிரண்டு சேர்ந்தால் சேனை. ஆயினும் சிலவற்றைத் திருப்பி ஒட்டுங்கள். தொலைவில் நிற்பவற்றைச் சிறிதாக வெட்டுங்கள். கடைசியாக, மணலில் புரண்டு வந்து உதவியதாக மக்கள் கதை சொல்லும் அந்த அணிலை வேறு நிறத் தாளில் வெட்டி ஓரமாக ஒட்டுங்கள். அத்தனை குரங்குகள் இருந்தும் நம் கண் அணிலிடமே போய் நிற்கும்.

பெற்றோர்களே, பிள்ளை தாள் வெட்டினால் "குப்பை போடாதே" என்று விரட்டாதீர்கள். வேலை முடிந்த மாலையில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். எழுத்தறியாத தாயும் கதை சொல்லலாம். பிள்ளை வெட்டி ஒட்டட்டும். ஓர் உருவத்தை வெட்டத் தெரிந்த பிள்ளை ஒரு முழுப் படத்தையே முடித்துவிடும். அதைச் சுவரில் மாட்டி வையுங்கள். "எனக்கு வராது" என்ற பேச்சு அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து மெல்ல மெல்ல மறைந்துவிடும்.