குக்குலுப் பிசினும் நம் சான்றுகளும்



மரப் பிசின்களின் மருத்துவ குணங்களை ஆராயும் இந்தக் கருத்தரங்கிற்குத் தலைமை ஏற்கும்படி அமைப்பாளர்கள் பணித்தார்கள். எல்லாப் பிசின்களையும் தொட்டுச் செல்வதைவிட ஒன்றையே எடுத்துக்கொண்டு பேசுவது பயன் தரும் என்று நினைக்கிறேன். அது குக்குலு. யோகராஜ குக்குலு, திரிபலா குக்குலு என்ற பெயர்களில் நம் ஊர் மருந்துக் கடைகளிலும் அன்றாடம் விற்பனையாகும் சரக்கு அது.

செடி நம்முடையதல்ல. ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் வறண்ட பாறை நிலங்களிலும் எல்லைக்கு அப்பால் சிந்து, பலுசிஸ்தான் பகுதிகளிலும் வளரும் சிறு மரம். வெள்ளைப்போளம் தரும் மரத்தின் நெருங்கிய உறவு; கமிஃபோரா வைட்டியை என்பது அதன் தாவரவியல் பெயர். பட்டை காகிதம்போல் உரியும். அதைக் கீறினால் கசிவது காற்றுப் பட்டு இறுகிக் கட்டியாகிறது. நல்ல கட்டி ஒன்றை உடைத்துப் பாருங்கள். உட்புறம் மஞ்சளோடிய பழுப்பு நிறம், விரலில் ஒட்டும், நீர் விட்டுத் தேய்த்தால் பாலாகக் கலங்கும். ஆவியாகும் எண்ணெய், நீரில் கரையும் பசை, நீரில் கரையாத பிசின் ஆகிய மூன்றும் ஒரே கட்டியில் பிணைந்திருப்பதால் இப்படி. ஆனால் சந்தையிலிருந்து ஆய்வகத்திற்கு வரும் கட்டியில் பட்டைத் துண்டும் மணலும் இருக்கும்; சில வேளை வேறு மரத்துப் பிசினே கலந்திருக்கும்.

நவீன ஆய்வு தொடங்கியது காசி இந்துப் பல்கலைக்கழகத்தில். ஜி. வி. சத்தியவதி என்ற இளம் ஆய்வாளர், உடலில் கொழுப்பு மிகும் நோயான மேதோரோகம் பற்றிச் சுசுருத சம்ஹிதை கூறுவதைக் கருத்தூன்றிப் படித்தார். இன்று இரத்தக் குழாய்களில் கொழுப்பு படிவது என்று நாம் சொல்வதும் அதுவும் ஒத்துப்போவதைக் கண்டார். முயல்களுக்குக் குக்குலு கொடுத்துச் சோதித்து, 1966இல் தம் ஆய்வேட்டை அளித்தார். பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானவர் அவர். பழைய நூலை வழிபடாமல், ஒதுக்கவும் செய்யாமல், சோதித்துப் பார்க்கத்தக்க கருத்தாகப் படித்த அந்த முறைக்கு நாம் என்றும் கடன்பட்டிருக்கிறோம்.

அதன் பிறகு லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பிசினை எத்தில் அசிடேட்டில் கரைத்துப் பிரித்தெடுத்த சாரம் குக்குலிபிட் ஆயிற்று. 1989இல் வெளியான பல மைய ஆய்வில், 12 வாரம் அதை உட்கொண்ட 205 பேரில் பெரும்பாலோரிடம் கொலஸ்ட்ரால் சராசரியாக 24 விழுக்காடும் டிரைகிளிசரைடு ஏறத்தாழ 23 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டார்கள். 2002இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை, அதிலுள்ள குக்குல்ஸ்டெரோன் பித்த அமிலங்களின் ஏற்பியான எஃப்.எக்ஸ்.ஆரைத் தடுக்கிறது என்று காட்டியது. செயல்படும் வழியும் தெரிந்துவிட்டது என்ற மகிழ்ச்சி எங்கும் பரவியது.

மறு ஆண்டே அந்த மகிழ்ச்சி ஆட்டம் கண்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 103 பேரிடம் எட்டு வாரம் நடத்திய ஆய்வில், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 5 விழுக்காடு குறைந்தது. குக்குலிபிட் உட்கொண்டவர்களுக்கு 4, 5 விழுக்காடு கூடியது. மருந்து எடுத்தவர்களில் ஆறு பேருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

“அது நம் மருந்தே அல்ல; திரிபலாக் கஷாயத்தில் சுத்தி செய்யாத சரக்கு; மேலைநாட்டு உணவு வேறு” என்று நம்மிடையே பலர் மறுமொழி சொன்னார்கள். உணவைப் பற்றிய வாதத்தில் நியாயம் இருக்கிறது. நம் 1989 ஆய்வில் மருந்துக்கு முன்பே எட்டு வாரம் உணவுக் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் குக்குலிபிட் நாமே பிரித்தெடுத்து, நாமே சான்றளித்து, நாமே சந்தைக்கு அனுப்பிய சாரம். பயன் தந்தபோது நமது என்றும், தராதபோது நமதல்ல என்றும் சொல்வது அறிவியலுக்கு அழகன்று. நம் 1989 ஆய்வின் ஒப்பீட்டுப் பகுதியையும் திரும்பப் படியுங்கள்: அங்கே குக்குலிபிட் ஒப்பிடப்பட்டது குளோஃபைப்ரேட் என்ற இன்னொரு மருந்தோடு. சுத்தி செய்த குக்குலு வேறுவிதமாகச் செயல்படும் என்று நம்புகிறவர்கள், அதையே வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, போதிய எண்ணிக்கையில் நோயாளிகளிடம் சோதித்துக் காட்ட வேண்டும். அந்தப் பணியை நம் கல்லூரிகளே ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நோயாளியின் பாதுகாப்பும் இதில் அடங்கும். புரோப்ரனலால், டில்டியாசெம் ஆகிய இதய மருந்துகள் உடலில் சேரும் அளவைக் குக்குலிபிட் குறைக்கிறது என்பது 1994இலேயே தெரிந்தது. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுத்துக்கொண்டே குக்குலுவும் சாப்பிடுவோர் நம்மிடையே எத்தனை பேர்! மருத்துவர்கள் இதைக் கேட்டறிந்து எழுதிவைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இத்தனை ஆய்வுக்கும் சரக்குத் தந்த மரம் இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவின் விளிம்பில் நிற்பவற்றுள் ஒன்று. பிசின் எடுக்கும் பருவத்திற்கு வர அதற்கு எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். சில நூறு கிராம் பிசினுக்காகத் தண்டில் ஆழமாகக் கீறி, மயில்துத்தமும் உப்பும் குதிரைச் சிறுநீரும் குழைத்துப் பூசுகிறார்கள். பிசின் பெருகும், மரம் பட்டுப்போகும். எத்தெஃபோன் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கியை அளவோடு செலுத்தி விளைவைப் பல மடங்கு கூட்டலாம் என்று ஆய்வு காட்டியது. அளவு மீறினால் அதுவும் மரத்தைக் கொல்லும். விதைகள் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையின்றியே உருவாவதால் மரத்திற்கு மரம் மரபு வேறுபாடும் குறைவு. ஒரு நோய் வந்தால் ஒரு பகுதி முழுதும் போகலாம். கீறுகிறவர் கையில் அன்றைய கூலிதான் இருக்கிறது. மரத்தைக் காத்தால் அவருக்கு வருவாய் உண்டு என்ற ஏற்பாடு இல்லாமல் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும், ஆய்ந்த பிசின் எந்த மாவட்டத்தில், எந்த மரத்தில், எந்த மாதம் எடுக்கப்பட்டது என்று சொல்லட்டும். அதன் கிளை மாதிரி ஒரு ஹெர்பேரியத்தில் சேர்க்கப்பட்டிருக்கட்டும். “உள்ளூர்ச் சந்தையில் வாங்கப்பட்டது” என்ற ஒற்றை வரியோடு வரும் கட்டுரைகளைத் தொகுப்பு மலரில் சேர்க்க வேண்டாம் என்று பதிப்புக் குழுவை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். பயன் காணாத ஆய்வுகளுக்கு நாளைக் காலை ஓர் அமர்வையே ஒதுக்கியிருக்கிறோம். மாணவர்கள் தயங்காமல் அவற்றையும் கொண்டுவர வேண்டும்.

கருத்தரங்கு தொடங்குகிறது. முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.