யார் வீட்டில் பார்த்தீர்கள்?



1987 ஜனவரி 25. தூர்தர்ஷனில் 'இராமாயணம்' தொடர் தொடங்கிய நாள். ஞாயிறு தோறும் காலையில் வரும். அது இந்தித் தொடர். புனேயில் வளர்ந்த நீங்கள் அப்போது சிறு பிள்ளைகள். இந்தி பாதிதான் புரிந்தது என்கிறீர்கள். ஆனால் கதை தெரியுமே!

அன்று எல்லார் வீட்டிலும் டிவி கிடையாது. இருந்த வீட்டில் கூட்டம் கூடும். சிலர் டிவிக்கே மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள்.

2020இல் கொரோனா ஊரடங்கு. மார்ச் 28 முதல் அதே தொடரை மறுபடி காட்டினார்கள். படம் திரும்பி வந்தது. கூட்டம் வரவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் பார்த்தோம்.

பாய் விரித்தது யார்? யார் மடியில் உட்கார்ந்தீர்கள்? இதை எந்த டிவியும் காட்டாது. உங்களுக்குத்தான் தெரியும். இப்போது எழுதவும் தெரியும். இன்று நோட்டில் ஐந்து வரி எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் படிக்கட்டும்.